படத்தில் இல்லாத பாலத்துச் சண்டை

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். மலேசியாவில், ஷா ஆலாமில் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிறேன். வெள்ளை விளக்குக்குக் கீழே ஒரு கார்க் கதவு வந்து நிற்கும். கையுறை போட்ட விரலால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் விரலுக்குத் தெரிந்துவிடும். மஞ்சள் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போவேன். வீட்டிலும் நீங்கள் இப்படித்தான் என்று என் மனைவி சொல்வாள். சாம்பாரில் உப்பு ஒரு சிட்டிகை குறைந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போக எனக்குத் தெரியாது. தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைச் சொல்லாமல் இருப்பது என் உடம்புக்கே ஒத்துவராது.

அப்படிப்பட்டவன் சூப்பர் ஹீரோ படங்களுக்கு அடிமையாகக் கிடப்பது வேடிக்கைதான். அந்தப் படங்களில் குறைக்குப் பஞ்சமில்லை என்பதால் பிடித்ததோ என்னவோ. எங்களுக்கு என்று ஒரு மேஜை உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், யாரும் விரும்பி உட்காராத மேஜை. நாங்கள் நாலு பேர். நான், கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வரும் ஒருவன், காஜாங்கிலிருந்து ஒரு அக்கா, டெங்கிலிலிருந்து ஒரு வாத்தியார். கிள்ளான்காரன் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். அக்கா மருத்துவமனையில் தாதி. வாத்தியார் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவர். எப்போதும் அரை மணி நேரம் தாமதமாக வந்து, வந்ததும் எல்லாரையும் அவசரப்படுத்துவார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு படத்தின் முதல் நாள் காட்சிக்கு வரிசையில் நின்றோம். மெஷின் கோளாறு என்று படம் ஒரு மணி நேரம் தள்ளிப் போனது. அப்போது ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை.

நாங்கள் பேசுவது ஒரே ஒரு நாயகனைப் பற்றி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதை வாசிக்கிறவர்களும் மூன்று கட்சியாகப் பிரிந்து என்னை அடிக்க வருவார்கள். முகமூடிக்காரன் என்று வைத்துக்கொள்வோம். பகலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அம்மாவோடு ஒரு சின்ன வீட்டில் இருக்கிறான். ஊரின் அந்தக் கோடியில் ஒரு குழந்தை அழுதாலும் அவன் காதில் விழும். முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடுவான். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவனுடைய பெரிய கவலை. ஆங்கிலச் சித்திரக்கதையில் வந்த இவனை மூன்று இயக்குநர்கள் மூன்று காலத்தில் படமாக எடுத்தார்கள். முதலாமவர் எடுத்தது தீபாவளிச் சந்தை மாதிரி ஒரே வண்ணமயம். இரண்டாமவர் படத்தில் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை மழை. மூன்றாமவர் படத்தில் ஒருவர் செத்துக்கொண்டிருந்தால்கூடப் பக்கத்தில் இன்னொருவர் ஜோக் அடிப்பார். கிள்ளான்காரன் முதலாமவர் கட்சி, நான் இரண்டாமவர் கட்சி, வாத்தியார் மூன்றாமவர் கட்சி. அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை. சித்திரக்கதைப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருக்கும் அவருக்கு மூன்று பேருமே பாவிகள்.

முதல் இரண்டு வருடம் சாதாரணச் சண்டைதான். உன் ஆள் எடுத்ததெல்லாம் ஒரு படமா என்று ஆரம்பித்து, உனக்கு ரசனையே கிடையாது என்று போய், கடைசியில் நீயெல்லாம் ஒரு மனுஷனா என்பதில் முடியும். ஒரு தடவை நானும் வாத்தியாரும் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவே இல்லை. அப்போதுதான் அக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தார். வார்டில் ஷிப்ட் மாறும்போது, எந்தத் தாதி ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டாரோ அவர்தான் என்ன கோளாறு என்று அடுத்து வருகிறவருக்குச் சொல்ல வேண்டுமாம். தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தவர் வாயைத் திறக்கக் கூடாதாம். அதே மாதிரி இந்த மேஜையிலும், படத்தை நேசிக்கிறவன்தான் அதன் குறையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சொன்னது போதாது என்று தோன்றினால் "இன்னும் இருக்கு" என்று மட்டும் சொல்லலாம்.

என் முறை வந்தபோது முதலில் வாய் வரவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சொன்னேன். இரண்டாமவருக்குச் சித்திரக்கதை என்றாலே கொஞ்சம் வெட்கம். முகமூடி போட்ட ஒருவன் கூரைமேல் ஓடுகிற கதையை எடுத்துக்கொண்டு, இது அப்படிப்பட்ட கதையே இல்லை என்பது போல இரண்டரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். படத்தில் ஒருவரும் சாப்பிடுவதில்லை. அம்மாவுக்கு மொத்தம் நாலு வசனம், நாலும் அழுகை. இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்தப் படம் எனக்கு முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துப் போயிருந்தது. வாத்தியாரும் தன் ஆளை விட்டுவைக்கவில்லை. மூன்றாமவர் ஒரு படத்தை எடுக்கும்போதே அடுத்த படத்துக்கு விளம்பரம் செய்கிறார், மனசைத் தொடும் கட்டம் வந்தால் பயந்துபோய் ஜோக்குக்குள் ஒளிந்துகொள்கிறார், கடைசி அரை மணி நேரம் யார் யாரை அடிக்கிறார்கள் என்பது கம்ப்யூட்டருக்குத்தான் வெளிச்சம் என்றார். இப்படியே பத்து வருடம் ஓடியது. ஒவ்வொரு மாதமும் ஒரு புதுக் குறை கிடைக்கும். படங்கள் தீர்ந்தாலும் குறைகள் தீராது.

கிள்ளான்காரன் பேசும்போதுதான் மேஜை களைகட்டும். முகமூடியைத் தைத்தவர் அளவு எடுக்க மறந்துவிட்டார் என்பான். வில்லன் அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, அடிக்கும்போது ஒரு தடவை, அடித்த பிறகு ஒரு தடவை சிரிப்பதை அப்படியே செய்து காட்டுவான். துரத்தும் காட்சியில் ஒரே சிவப்புக் கார் மூன்று தடவை கடந்து போவதை அவன்தான் எங்களுக்குக் காட்டிக் கொடுத்தான். ஆனால் அம்மா வருகிற காட்சிகளுக்கு வந்ததும் குரல் தணிந்துவிடும். சோற்றுத் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும் காட்சியில் குறையே இல்லை என்பான். குறை சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறோம் என்று நாங்கள் அவனை ஓட்டுவோம்.

இத்தனை வருடமும் ஒரு விஷயம் என் விரலுக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. அவன் சொல்லும் குறைகள் எல்லாம் முதல் பாதியில் இருந்தன. முதலாமவர் படத்தின் இரண்டாம் பாதியில் உலகத்து ரசிகர்கள் அத்தனை பேரும் ஏசுகிற ஒரு குறை உண்டு. வில்லன் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து அம்மாவைக் கொன்றுவிடுவார்கள். ஊர்க் கோடியில் குழந்தை அழுதால் கேட்கிற மகனுக்கு, சொந்த அம்மாவின் அலறல் கேட்காது. ஏன் கேட்கவில்லை என்பதற்குப் படத்தில் ஒரு பதிலும் இல்லை. சின்னப் பிள்ளைகூடக் கேட்கிற அந்தக் கேள்வியை இவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று விசாரித்திருக்கலாம். அது நல்ல மனுஷன் செய்கிற வேலை. நான் சமயம் பார்த்துக் காத்திருந்தேன்.

போன வருடம் நாலாவதாக ஒருவர் அதே நாயகனை எடுக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. அந்த மாதம் மேஜையில் சூடு கொஞ்சம் அதிகம். என் முறை வந்தபோது கிள்ளான்காரன் "இன்னும் இருக்கு" என்றான். சொன்னேன். மறுபடியும் "இன்னும் இருக்கு" என்றான். அதையும் சொன்னேன். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அவன் முறைக்காகக் காத்திருந்தேன். சிவப்புக் கார், வில்லன் சிரிப்பு எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவன் ரோத்தி சானாயைக் கிழித்துக் குழம்பில் தோய்த்தான். நான் குரலை மென்மையாக வைத்துக்கொண்டு, "இன்னும் இருக்கு. கடைசில அந்தப் பாலத்துச் சண்டை ரொம்ப இழுவை. அத நீ சொல்லவே மாட்டேங்கிறியே" என்றேன்.

அவன் ஒரு நொடி தே தாரிக் டீயைக் கலக்கினான். பிறகு, "ஆமாலா, அது கொஞ்சம் நீளம்தான். பாதியில வெட்டியிருக்கலாம்" என்றான்.

முதலாமவர் படத்தில் பாலமே கிடையாது. ஒரு காட்சியில்கூடக் கிடையாது.

வாத்தியார் கிளாஸைக் கீழே வைத்தார். எந்தப் பாலம் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒன்றுவிடாமல் விளக்கினேன். பாலத்தை நான்தான் கட்டினேன் என்றேன். இரண்டாம் பாதியைப் பார்க்காமலேயே இவன் பத்து வருடமாக இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறான் என்றேன். வாத்தியார் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அக்காவும் முதலில் சிரித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. வட்டம் போட்டுவிட்ட சந்தோஷம் எனக்கு. அவன் கோபப்படுவான், மழுப்புவான் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"உனக்கு இப்ப திருப்தியா?" என்று மட்டும் கேட்டான். எழுந்து போய்க் கை கழுவினான். எங்கள் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் வெகு நேரம் ஓடியது. பிறகு திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்து போய்விட்டான்.

அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. வாட்ஸ்அப்பில் நான் போட்டதையெல்லாம் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு மட்டும் விழும். மூன்று பேராக உட்கார்ந்த மேஜையில் பேச்சே ஓடவில்லை. முதலாமவரைப் பற்றிக் குறை சொல்ல ஆளில்லை. சட்டப்படி எங்களில் யாரும் சொல்லவும் முடியாது. ஒரு தடவை வாத்தியார் சிவப்புக் காரைப் பற்றி ஆரம்பித்துவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் நான் சொன்னது உண்மைதானே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் அக்கா போன் செய்தார். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. கிள்ளான்காரன் தன்னைக் கூப்பிட்டு ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி விவரம் கேட்டதாகவும், அது அவன் அம்மாவுடையது என்றும் சொன்னார். நாம் சிரித்த அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள்தான் புற்றுநோய் மறுபடியும் வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம்.

"மறுபடியுமா?" என்றேன்.

"அவன் படிக்கிற காலத்துல ஒருவாட்டி வந்துச்சாம். அதெல்லாம் உனக்குத் தெரியாதா? எத்தன வருஷப் பழக்கம் உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார்.

எனக்குத் தெரியாது. சிவப்புக் கார் எத்தனை தடவை கடந்து போகிறது என்று தெரியும். அவன் அம்மாவைத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகளில் பார்த்திருக்கிறேன். வணக்கம் ஆன்டி என்று சொல்லிவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு, வாசலில் போய்ப் படத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிடுவேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை நினைத்தபோது அவமானமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு பப்பாளிப் பழத்தை வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குக் காரை விட்டேன். தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகளில் கடைசி வீடு. கேட்டைத் திறந்தவன் முகத்தில் சிரிப்பில்லை. வா என்றான். உள்ளே கூப்பிடாமல் கார் நிறுத்துகிற இடத்திலேயே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மன்னித்துவிடு, கேவலமான வேலை செய்துவிட்டேன் என்றேன். அவன் பப்பாளியை வாங்கிக் காரின் மேல் வைத்தான். பிறகு அவனாகவே ஆரம்பித்தான்.

அப்போது அவனுக்குப் பதினாறு வயது. அம்மா கையுறை ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தார். மார்பில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்து, மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். மருந்து ஏற்றிய மறுநாள் அம்மா சோபாவிலேயே சுருண்டு கிடப்பார். அப்பா இல்லை. இவன் ஒரே பிள்ளை. அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் முதலாமவர் படத்தின் விசிடி வாங்கி வந்தான். அந்தக் காலத்து விசிடியில் ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க் இருக்கும். கீழே சீன எழுத்து ஓடும். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, சீனமும் தெரியாது. இவன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னான். அம்மா படுத்தபடியே, இந்த வெயிலில் அவன் எதற்கு அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு அலைகிறான் என்று கேட்டுச் சிரித்தார். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. முகமூடியைப் பைக்குள் மறைத்துக்கொண்டு அவன் வாசலில் நிற்கிறான், எங்கே போகிறாய் என்று அம்மா கேட்கிறாள், அந்த இடத்தில் முதல் டிஸ்க் முடிந்தது. அம்மாவுக்கும் களைப்பு. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் பள்ளியில் கூடப் படிக்கிறவன் ஒருவன், இரண்டாவது டிஸ்க்கில் அம்மா செத்துப் போய்விடுவாள் என்று சொல்லிவிட்டான். இவன் வீட்டுக்கு வந்ததும் அந்த டிஸ்க்கை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டான். டிஸ்க்கில் கீறல், ஓடவில்லை என்று அம்மாவிடம் சொன்னான். அப்புறம் என்னதான் ஆச்சு என்று அம்மா விடவில்லை. ஆகவே இவனே ஒரு முடிவைச் சொன்னான். அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றிவிட்டு வரும்போதும் முதல் டிஸ்க்கைப் போடுவார்கள். மீதியை இவன் வாயால் சொல்வான். எட்டு மாதம் கழித்து அம்மா வேலைக்குத் திரும்பினார்.

"அதுக்கப்புறம் அந்த ரெண்டாம் பாதிய நான் பார்க்கவே இல்ல. பார்த்தா ஏதாவது ஆயிடுமோன்னு ஒரு பயம்டா. நாப்பத்தி நாலு வயசாச்சு, இன்னிக்கும் பயம்தான்" என்றான்.

அதற்குள் உள்ளேயிருந்து அவன் அம்மா, வந்தவரை வெளியிலேயே உட்கார வைத்திருக்கிறாயே என்று சத்தம் போட்டார். உள்ளே போனோம். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தாலும் கண் கூர்மையாக இருந்தது. "தீபாவளிக்கு வந்து முறுக்குல எள்ளு கூடன்னு சொன்ன தம்பிதானே நீ?" என்றார். நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

அந்தப் படத்தால்தானே உங்களுக்குள் சண்டை என்று அவரே பேச்சை எடுத்தார். தான் முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே இங்கிலீஷ் படம் அதுதான் என்றார். இப்போது வருகிற படங்களில் ஒரு கதையும் இல்லை, அந்தப் படத்துக்கு என்ன அருமையான முடிவு என்று கடைசிக் காட்சியை எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். எல்லாச் சண்டையும் முடிந்து முகமூடிக்காரன் வீட்டுக்கு வருகிறானாம். அம்மா சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கிறாளாம். இனிமேலும் மறைக்க வேண்டாம் என்று அவன் முகமூடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறானாம். அவள் ஆச்சரியப்படவே இல்லையாம். "மொத நாளே எனக்குத் தெரியும். உன் துணிய யாரு தொவைக்கிறா?" என்று கேட்டுவிட்டுச் சோறு போடுகிறாளாம்.

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கிள்ளான்காரன் சுவரில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பாலத்தை இடித்தவன் இதையும் இடிப்பானா என்று அவன் பார்ப்பது எனக்குப் புரிந்தது. இருபது வருடப் பழக்கம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ஆமா ஆன்டி. அப்படித்தான் முடியும்" என்றேன்.

அவன் தோள் தளர்ந்தது. வெளியே மழை தூற ஆரம்பித்தது. கொடியில் துணி கிடக்கிறது என்று அம்மா சொல்ல, அவன் பின்பக்கம் ஓடினான். அவன் செருப்புச் சத்தம் தள்ளிப் போகும்வரை அவர் காத்திருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, அதுவரை பேசிய குரலை விட்டுவிட்டு வேறு குரலில் பேசினார்.

"நான் முழுப்படமும் பார்த்துட்டேன் தம்பி. அவன் ரயில் வேலைக்கு டிரெய்னிங் போயிருந்தப்ப, பெருநாள் லீவுக்கு டிவியில போட்டாங்க. கீழ மலாய் எழுத்து ஓடுச்சு. எனக்கு மலாய் படிக்கத் தெரியும்ல. அதுல அந்தம்மா செத்துடுறா."

அலமாரியை நகர்த்திப் பெருக்கும்போது அந்த இரண்டாவது டிஸ்க்கும் கிடைத்தது என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கீறல் ஒன்றுகூட இல்லை என்றார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாராம்.

"எனக்கு எம்புள்ள சொன்ன படம்தான் படம். இந்தத் தடவ மருந்து ஏத்துறதுக்கும் அவன்கிட்ட அந்தக் கதையத்தான் கேட்டுட்டுப் போறேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் சொல்றத நிறுத்திடுவான். நீ எல்லாத்தையும் திருத்துற ஆளாமே. இத மட்டும் திருத்திடாத."

அவன் மார்போடு துணிகளை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவர் உடனே பழைய குரலுக்கு மாறி, பப்பாளியை வெட்டி எடுத்து வா என்றார். பழத்தில் இனிப்புக் குறைவு. நான் அதைச் சொல்லவில்லை.

கார் ஓட்டிக்கொண்டு திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் மழை கொட்டியது. என் இரண்டாமவர் படம் மாதிரி முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. என்னுடைய அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. இரண்டாமவர் படத்தை நான் பதினோரு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அம்மாவுக்கு அதன் கதையைச் சொன்னதில்லை. என்னடா பார்த்துவிட்டு வந்தாய் என்று அவர் கேட்டதுண்டு. சொன்னால் உங்களுக்குப் புரியாது என்றிருக்கிறேன். அந்தப் பதிலைப் பெரிய தப்பாக அன்றுவரை நான் நினைத்ததில்லை. ஷா ஆலாம் வந்து சேரும்வரை அழுதேன்.

அடுத்த முதல் சனிக்கிழமை அவன் மேஜைக்கு வந்தான். வாத்தியார் அன்று ஆச்சரியமாக நேரத்துக்கு வந்திருந்தார். அவனுக்குப் பிடித்த ரோத்தி சானாயைத் தானே சொல்லி வைத்திருந்தார். முறை சுற்றி வந்தது. அவன் சிவப்புக் காரில் ஆரம்பித்தான், வில்லன் சிரிப்பைச் சிரித்துக் காட்டினான், அத்தோடு நிறுத்திவிட்டுக் கிளாஸைப் பார்த்தான். யாருக்கும் "இன்னும் இருக்கு" என்று சொல்லத் துணிவில்லை. நான்தான் சொன்னேன். சட்டப்படி அவ்வளவோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனாலும், "பாலத்துச் சண்டை கொஞ்சம் நீளம்" என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பாதியில வெட்டியிருக்கலாம்லா" என்றான். நாலு பேரும் சிரித்தோம். இப்போது அது எங்கள் மேஜையில் முதலாமவரின் நிரந்தரக் குறையாகிவிட்டது. மாதம் தவறாமல் அந்தப் பாலத்தில் யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றைக் கூடுதலாகக் கட்டுகிறோம்.

அன்றைக்கு அவனே அக்காவிடமும் வாத்தியாரிடமும் எல்லாவற்றையும் சொன்னான். டிஸ்க்கைச் சொன்னான், தான் கட்டிய முடிவைச் சொன்னான். துணி துவைக்கும் வசனம் வந்தபோது அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்து இரண்டு தடவை ஏற்றியாகிவிட்டது, அம்மா தாங்கிக்கொள்கிறார் என்றான். அக்கா கொஞ்சம் தயங்கி, இத்தனை வருடத்தில் அம்மாவுக்கு உண்மையான முடிவு தெரிந்திருக்காதா என்று கேட்டார்.

"தெரியாதுக்கா. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாது. சத்தியமா தெரியாது" என்றான். சொல்லிவிட்டு, நீதான் பார்த்தாயே, சொல் என்பது போல என் பக்கம் திரும்பினான்.

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு தே தாரிக் சொன்னேன். அந்த மேஜையில் நான் திருத்தாமல் விட்ட முதல் தப்பு அதுதான்.